கெடு சொல்லாத சத்தியம்

இந்தியத் திருநாட்டில் பரீட்சை என்ற ஒன்று தொடங்கிய நாள்முதல், ஒரு கேள்வித்தாள்கூடக் கசியாத புனிதத் தலம் என்று ஒன்று உண்டென்றால் அது கொட்டாம்பட்டிக்கு மேற்கே இருக்கும் சோலைக்குறிச்சி உயர்நிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்புத் தேர்வு மையம்தான். கசியாததற்குக் காரணம், 1981 மார்ச் முதல் அந்த மையத்துக்கு வந்த கேள்வித்தாள் கட்டுகளில் ஒன்றுகூடத் திறக்கவில்லை என்பது. கத்தரிக்கோல், பிளேடு, கருக்கரிவாள், சிம்னி விளக்கு எல்லாம் வைத்துப் பார்த்தாகிவிட்டது. அந்த வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் இதை, அந்த வருஷம் நிலக்கடலை என்ன விலைக்குப் போனது என்று சொல்லும் அதே குரலில் சொல்வார்கள்.

முந்தைய ஆண்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால் அதையும் சொல்லிவிட வேண்டும். அப்போது தலைமையாசிரியராகவும் மையத்தின் முதன்மைக் கண்காணிப்பாளராகவும் இருந்தவர் தவசி. எம்.ஏ., எம்.எட். என்பதை வீட்டு இரும்புக் கதவில் பச்சைப் பெயிண்டில் எழுதிவைத்திருந்தவர். பள்ளி அறிவியல் மன்றத்துக்குத் தலைவர். குடியரசு தினம் தோறும் மூடநம்பிக்கையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசுவார், பிள்ளைகள் வெயிலில் நிற்பார்கள். 1980இல் கணக்குப் பரீட்சை அன்று பள்ளிச் சுவருக்கு அந்தப் பக்கம் பஞ்சாயத்துத் தலைவர் கருத்தக்கண்ணன் வீட்டில் காது குத்து. ஜன்னல் வழியாகக் கேள்வித்தாள் போனது. மைக் செட் வழியாக விடை வந்தது. தாய்மாமன் சீரை வாசிப்பவரே விடையையும் வாசித்ததில் ஓரிடத்தில் தாள் மாறிவிட்டது. அந்த மையத்தில் எழுதிய அத்தனை பேரும் முக்கோணத்தின் பரப்பளவு ஒரு வெள்ளாட்டுக் கிடாய் என்று எழுதியிருந்தார்கள். மதுரையில் மாவட்ட அதிகாரி தவசியைக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லாமல், கதவில் எழுதியிருப்பதை அழித்துவிட்டால் என்ன என்று கேட்டார்.

அடுத்த ஆண்டு தவசி சுவருக்கு மேல் முள்கம்பி போட்டார். ஜன்னலுக்கு வலை அடித்தார். பரீட்சை முடியும்வரை சுற்றுவட்டாரத்தில் எவரும் காது குத்தக் கூடாது என்று தண்டோரா போடச் செய்தார். பெண்பிள்ளைகளின் சடையை அவிழ்த்துப் பார்க்கத் தையல் டீச்சரை நியமித்தார். அவர் மனைவி சீனியம்மாள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, சோற்றைப் போட்டபடியே, "முள்ளுக்கம்பி போட்டீக, வலை போட்டீக. காவலுக்குன்னே ஒருத்தன் நிக்கிறான், அவன்கிட்ட ஒரு வார்த்த சொன்னீகளா?" என்றார். தவசி சிரித்தார். அந்தச் சனிக்கிழமையே தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அழகர்கோவிலுக்குப் பஸ் ஏறினார். மடியில் பள்ளிக்கூடத்தின் பித்தளை முத்திரை இருந்தது. பஸ்ஸில் எல்லாருக்கும் அவரை அடையாளம் தெரிந்தது. மரியாதைக்காக யாரும் காட்டிக்கொள்ளவில்லை.

அழகர்கோவில் காவல் தெய்வமான பதினெட்டாம்படிக் கருப்பன் சாத்திய கதவில் குடியிருக்கிறவன். அங்கே போய்ச் சத்தியம் செய்கிறவர்கள் எழுத்தறியாதவர்களானாலும் ஒரு விஷயத்தில் தவறமாட்டார்கள்: கெடு சொல்லிவிடுவார்கள். சாராயத்தை விடுகிறவன் வருகிற ஆடி வரைக்கும் என்பான். கிணற்றுக்குச் சண்டை போட்ட பங்காளிகள் அறுப்பு முடிகிற வரைக்கும் என்பார்கள். கருப்பன் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்வான், தானாக ஒன்றைச் சேர்க்கவும் மாட்டான் கழிக்கவும் மாட்டான் என்பது அவர்களுக்குத் தெரியும். தவசி எம்.ஏ., எம்.எட். முத்திரையைக் கதவுச் சந்தனத்தில் ஒற்றி எடுத்து, யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு கண்ணை வைத்துக்கொண்டே, இந்த முத்திரை விழுந்த கட்டை ஒரு பயலும் திறக்கக் கூடாது, இது சத்தியம் என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தார். பரீட்சை அன்று காலை பத்து மணி வரைக்கும் என்று சேர்த்திருக்க வேண்டும். சேர்க்கவில்லை.

பரீட்சையின் முதல் நாள் காலை போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஜீப்பில் கட்டு வந்தது. ஏற்கெனவே சீல் வைத்த கட்டுத்தான். தவசி அதன்மேல் சிவப்பு அரக்கை உருக்கி ஊற்றித் தன் முத்திரையையும் வைத்தார். முத்திரை கெடாமல் இருந்ததையும், தங்கள் முன்னிலையில் கட்டு பிரிக்கப்பட்டதையும் கண்ணால் கண்டோம் என்று இரண்டு மாணவர்கள் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. நேரத்தை மிச்சப்படுத்த, பிரிப்பதற்கு முன்பே கையெழுத்தை வாங்கிவிடுவது எல்லா மையங்களிலும் உள்ள வழக்கம். கருத்தக்கண்ணன் மகன் மருதுவும் ஒச்சாயி என்ற பெண்ணும் போட்டார்கள். ஒச்சாயி, கருத்தக்கண்ணன் தோட்டத்தில் பம்புசெட் பார்த்த கூலிக்காரர் ஆண்டிச்சாமியின் மகள். மோட்டார் ரூம் பல்பு வெளிச்சத்தில் படித்தவள். தேறினால் கிராம நர்ஸ் பயிற்சிக்குப் போகலாம். தேறாவிட்டால், மேலூர்ப் பக்கம் கல்லுடைக்கும், முதல் தாரம் செத்துப்போன தாய்மாமனுக்கு வாக்கப்பட வேண்டும். இது முடிவாகியிருந்தது, மாமன் சேலைகூட எடுத்துவிட்டான்.

கையெழுத்து வாங்கிய பிறகு கத்தரிக்கோல் வளைந்தது. பிளேடு முனை மழுங்கியது. பியூன் காளை கொண்டுவந்த அரிவாள், அரக்கில் பட்ட இடத்தில் தோசைத்திருப்பிபோல் மடங்கியது. விளக்கில் காட்டினால் அரக்கு உருகாமல் குளிர்ந்தது. பத்து மணிக்கு மணி அடித்துவிட்டார்கள். மேலே தெரிவித்தால் காரணம் கேட்பார்கள். காரணம் சொன்னால் குடியரசு தினத்தில் பேச முடியாது. தவசி கட்டை மேசைமேல் எல்லாரும் பார்க்கும்படி வைத்து, விடைத்தாளைக் கொடுக்கச் சொல்லி, கேள்வி எண்ணை அவரவரே போட்டுக்கொள்ளலாம் என்று அறிவித்தார். பிள்ளைகள் உடனே எழுதத் தொடங்கினார்கள். கோனார் கடையில் வாங்கிய நோட்ஸை உள்ளாடைவரை மடித்து வைத்திருந்த அவர்களுக்குக் கேள்வி வராதது ஒரு குறையாகவே படவில்லை. ஒச்சாயி மட்டும் எழுந்து நின்றாள்.

"அய்யா, கேள்வி?"

"கேள்வி கட்டுக்குள்ள பத்திரமா இருக்கு தாயி. நீ பதில எழுது."

"எந்தக் கேள்விக்குங்கய்யா?"

"கவர்மெண்டுக்கு என்ன வேணும்னு அதுக்குத் தெரியும். ஒக்காரு."

பதினோரு மணிக்குப் பறக்கும் படை வந்தது. முந்தைய ஆண்டு தவசியை நிற்கவைத்த அதே அதிகாரி. மேசைமேல் முத்திரை கெடாத கட்டைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். இத்தனை வருஷ வேலையில் அவர் போன மையங்களிலெல்லாம் விடிகிறதற்கு முன்பே கட்டு அவிழ்ந்து கிடக்கும். பரீட்சை பாதி முடிந்த பிறகும் பிரிக்காத கட்டை அவர் பார்த்ததே இல்லை. பிள்ளைகள் என்ன எழுதுகிறார்கள் என்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் கொட்டாம்பட்டியில் கறிச்சோறு ஆறிவிடும் என்று டிரைவர் நினைவூட்டினார். இந்த மாவட்டத்துக்கே முன்மாதிரி மையம் என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டுப் போனார். மற்ற நாட்களுக்கும் கட்டுகள் வந்தன. ஒன்றும் திறக்கவில்லை. அந்த வாரத்துக்குள் தவசிக்கே அது பழகிவிட்டது.

விடைத்தாள் திருத்தியவர்கள் பக்கங்களை எண்ணி மதிப்பெண் போட்டார்கள். தனக்குத் தெரிந்த பதிலுக்குத் தானே கேள்வியைத் தேர்ந்துகொண்டதால் யாரும் தப்பாக எழுதியிருக்கவும் வழியில்லை. மையமே தேறியது, ஒச்சாயி தவிர. அவள் எல்லா நாளும் முதல் பக்கத்தில் ஒரே வரியை எழுதியிருந்தாள்: கேள்வி தரப்படவில்லை, எனக்குப் பதில் தெரியும். பரீட்சையின் நாணயத்தைச் சந்தேகிப்பது முறைகேடு என்று அலுவலகம் முடிவு செய்தது. கட்டு பிரிக்கப்பட்டதைக் கண்ணால் கண்டதாகக் கையெழுத்துப் போட்டவளே அவள்தான் என்பதால் விசாரணை தேவைப்படவில்லை. இரண்டு ஆண்டுகள் பரீட்சை எழுதத் தடை. தவசிக்கு அதே வாரம் பாராட்டுக் கடிதம் வந்தது.

ஆண்டிச்சாமி வந்து பச்சைப் பெயிண்டுக் கதவுக்கு வெளியே நின்றார். கட்டு திறக்கவில்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுக்கச் சொன்னார். தவசி பொறுமையாக விளக்கினார்: எழுதினால் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரின் பாஸும் போய்விடும், கருத்தக்கண்ணன் மகனுடையதும் சேர்த்து, பிறகு பம்புசெட் வேலை என்னாகும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். ஆண்டிச்சாமி யோசித்துப் பார்த்தார். பிறகு துண்டை இந்தக் கக்கத்திலிருந்து அந்தக் கக்கத்துக்கு மாற்றிக்கொண்டு சொன்னார்.

"அன்னைக்குக் கருப்பன் வாசல்ல நானும் நின்னேங்கய்யா. சாராயத்த விடக் கெடு சொல்ல வந்தேன். நீங்க கெடு சொல்லாமப் போயிட்டீக. கூப்புட்டுச் சொல்லலாம்னு பாத்தேன், தலையில துண்டு போட்டிருந்தீக. எம்மச்சினன் ரெண்டு வருசம் பொறுக்குறேங்கிறான். ஒருக்கா போயி கெடு சொல்லிட்டு வந்துருங்க. பிள்ள மறுக்கா எழுதுறப்பவாச்சும் தொறக்கட்டும்."

தவசி வாக்குக் கொடுத்தார். கொடுத்த வாக்குப்படி, ஒரு வருஷம் எட்டு மாதம் கழித்து, போகவும் செய்தார். கெடுவைச் சேர்க்க வேண்டுமானால் பேரையும் ஊரையும் சொல்லி, அன்றைக்கு என்ன சொன்னேன், எதை விட்டேன் என்று நாலு பேர் கேட்க உரக்கச் சொல்ல வேண்டும் என்றார் பூசாரி. தவசி தொண்டையைச் செருமிக்கொண்டார். பேரைச் சொன்னார். ஊரைச் சொல்ல வாயெடுத்தபோது, கழுத்தில் துளசி மாலையோடு, குடும்பத்தோடு, அந்த அதிகாரி எதிரே வந்தார்.

"என்ன தவசி, மூடநம்பிக்கையப் பத்தியெல்லாம் பேசுவீங்களே, இங்க என்ன வேலை?"

"தோசை வாங்க வந்தேன் சார்."

அழகர்கோவில் பிரசாதத் தோசை பேர்போனது என்பதால் அதிகாரி நம்பினார். தனக்கும் சேர்த்து வாங்கச் சொன்னார். ஜீப்பில் இடம் இருப்பதாகவும் சொன்னார். தவசி தோசையை மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஊர் திரும்பினார். கதவருகே காத்திருந்த ஆண்டிச்சாமி, ஆச்சுங்களா என்று கேட்டார். தவசி ஒரு தோசையைப் பிய்த்துக் கொடுத்தார். ஆண்டிச்சாமி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மகளுக்கு எடுத்துப் போனார்.

1983 மார்ச்சில் ஒச்சாயி மறுபடி வந்து உட்கார்ந்தாள். அந்த வருஷம் மேசைமேல் கத்தரிக்கோலே வைக்கவில்லை. அவள் கட்டைப் பார்த்தாள். கட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த தவசியைப் பார்த்தாள். தவசி மின்விசிறியைப் பார்த்தார். இந்த முறை அவள் எழுந்திருக்கவில்லை. பக்கத்துப் பெண்ணிடம் நோட்ஸை வாங்கி, கேட்கப்பட்டதோ இல்லையோ, இருந்ததையெல்லாம் பார்த்து எழுதினாள். பள்ளியிலேயே முதல் மதிப்பெண் அவளுக்குத்தான். மாமன் எடுத்துவைத்த சேலையை வேறு ஒருத்திக்குக் கட்டினான். அதற்குள் பித்தளை முத்திரையை மாவட்ட அலுவலகமே இரவல் வாங்கி, எல்லா மையங்களின் கட்டுகளுக்கும் வைக்கத் தொடங்கியிருந்தது. பிறகு மற்ற துறைகளும் கேட்டு வாங்கிப்போயின; ஆசிரியர் பயிற்சி, நர்ஸ் பயிற்சி, டாக்டர் படிப்பு, டிரைவர் லைசென்ஸ். உள்ளே வெறும் வெள்ளைத்தாள்தான் வைக்கிறார்கள், அச்சுக்கூலி மிச்சம் என்று ஒரு பேச்சு உண்டு. திறக்க முடியாததால் யாரும் நிரூபிக்கவில்லை. பஸ்கள் ஓடின, பள்ளிகள் நடந்தன, ஜனங்கள் கொஞ்சம் ஒதுங்கி நடக்கப் பழகிக்கொண்டார்கள்.

1988இல் தவசி நல்லாசிரியராக ஓய்வு பெற்ற மாதம் அவருக்குப் பின்புறத்தில் ஒரு கட்டி வந்தது. உள்ளூர் துணை சுகாதார நிலையத்துக்குப் போனார். வெள்ளைச் சேலையில் ஒச்சாயி இருந்தாள். வாங்கய்யா என்றாள். பெஞ்சைத் துடைத்துவிட்டாள். ஊசியைக் கொதிநீரிலிருந்து எடுத்தாள். தவசி குப்புறப் படுத்து, வேட்டியைத் தளர்த்திய பிறகு, தலையை மட்டும் திருப்பிக் கேட்டார்.

"ஊசி போடுறது பரீட்சையில வந்துச்சா ஆத்தா?"

"தெரியலீங்கய்யா. நான் மலேரியாவப் பத்தி எழுதுனேன்."

தவசி எழுந்து வேட்டியை இறுக்கிக்கொண்டார். மதுரையில், எண்பதுக்கு முன்னால் பாஸ் பண்ணிய கிழட்டு டாக்டர் ஒருவர் இன்னும் வைத்தியம் பார்க்கிறார் என்று விசாரித்து, அடுத்த பஸ்ஸில் ஏறினார். உட்கார இடம் இருந்தது. அவர் மதுரைவரை நின்றுகொண்டே போனார்.