ஷிப்டை அமுக்கும் விரல்

பெரம்பலூர் கம்ப்யூட்டர் சென்டரில் அம்சவள்ளிக்குத் தெரிந்த பட்டன் ஒன்றே ஒன்றுதான், ஷிப்ட். புருஷன் வீரமணியின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து அதை அமுக்கிக் கொடுப்பாள். கல்குவாரி பெல்ட்டில் சிக்கி அவனுக்கு இடது கை மணிக்கட்டோடு போனது. வலது கையில் தேறியது சுட்டுவிரல் மட்டும். ஒற்றை விரலால் எழுத்துகளைத் தட்டிவிடலாம். ப்ரோகிராமோ வரிக்கு வரி நெளிந்த அடைப்புக்குறி, மேற்கோள்குறி என்று கேட்கிறது. ஒரு விரல் ஷிப்டில் இருக்க, இன்னொரு விரல் குறியைத் தட்ட வேண்டும். கீபோர்டைச் செய்த புண்ணியவான் எல்லோருக்கும் பத்து விரலும் இருக்கும் என்று நினைத்துவிட்டான்.

கம்ப்யூட்டர் பரீட்சை தேறினால் லாரி எடை போடும் எடைமேடை ஆபீசில் வேலை என்று குவாரி முதலாளி சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் இருவரும் குன்னத்தில் தினமும் பஸ் ஏறினார்கள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. அவன் விரல் போகும் திசையைப் பார்த்தே எப்போது அமுக்குவது, எப்போது விடுவது என்று பழகிக்கொண்டாள்.

இடது கை முனையால் அமுக்கலாமே என்று டீச்சர் வெற்றிச்செல்வி ஒருநாள் கேட்டதற்கு, அவன் எழுந்து வெளியே போய்விட்டான். அதை அவன் யாருக்கும் காட்டுவதில்லை. அம்சவள்ளியே ஆஸ்பத்திரிக் கட்டோடு பார்த்ததுதான். எண்ணெய் தடவப் போனபோது, "அதப் பாக்காதடி" என்று திரும்பிப் படுத்துக்கொண்டான். முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நிற்பான். தொங்கும் நுனியை மடித்து அவள் ஊக்குக் குத்திவிடுவாள்.

பரீட்சைக்கு வந்த வெளியூர் அதிகாரி, எழுதுகிறவரைத் தவிர யாரும் உள்ளே இருக்கக் கூடாது என்றார்.

"எனக்குப் படிக்கவே தெரியாதுங்க சார். அந்த ஒரு பட்டனத்தான் அமுக்குவேன்."

அவர் தலையாட்டி மறுத்தார். விதி அப்படி.

"வுடு அம்சா. வெளியில நில்லு" என்றான் வீரமணி.

ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தாள். முதல் வரியைத் தட்டியவன் அப்படியே விரலை நிறுத்தினான். அடைப்புக்குறி வர வேண்டிய இடம். பழக்கத்தில் இடப்பக்கம் திரும்பினான். காலி நாற்காலி. அவள் விரல் தன்னால் ஜன்னல் கட்டையை அமுக்கியது. இத்தனை நாள் பாடுபட்டவன் இந்த ஒரு பட்டனில் தோற்றுப்போவானோ?

அவன் குனிந்து பல்லால் ஊக்கைக் கழற்றினான். சட்டைக் கையை வாயால் மேலே இழுத்தான். சுற்றியிருந்த காலேஜ் பிள்ளைகளின் தட்டல் நின்றது. அத்தனை பேரோடு சேர்ந்துதான் அவளும் அதை முதல்முதலாகப் பார்த்தாள். அந்த முனையை ஷிப்டின் மேல் வைத்து, விரலால் தட்டினான். திரையில் அடைப்புக்குறி வந்தது.

இனித் தேறிவிடுவான் என்று தெரிந்தது. அவளுக்கு அழுகைதான் வந்தது. அவன் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. ஊக்கு இன்னும் அவன் பல்லில் இருந்தது. கட்டையை அமுக்கிய விரலை அவளும் எடுக்கவில்லை.