பெட்டி தூக்க ஆறு பேர்

“இல்லைங்க, நான் தேடறது வேற வெப்,” என்று ஏழாவது தடவையாகச் சொல்லிவிட்டு வைனெல் ஃபோனை வைத்தாள். தொலைபேசிப் புத்தகத்தில் இன்னும் நாலு வெப் பாக்கி இருந்தார்கள்.

அவள் அப்பா ராய்ஸ் டில்மன் இறந்து இரண்டு நாள் ஆகிறது. இன்று மதியம் இரண்டு மணிக்கு அடக்கம். அவருடைய பைபிளுக்குள் ஒரு தாள் இருந்தது. பெட்டியைத் தூக்க வேண்டிய ஆறு பேரை மனிதர் அதில் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். அவருடைய அண்ணன் ஹாய்ட், ஹாய்ட்டின் இரண்டு மகன்கள், தீவனக் கடைக் கூட்டாளி, பக்கத்துப் பண்ணைக்காரர். ஆறாவதாக, ‘மிஸ்டர் லூஷியஸ் வெப்’.

மற்ற ஐந்து பேருக்கும் இல்லாத ‘மிஸ்டர்’ இவருக்கு மட்டும் எதற்கு? அப்பாவே மரியாதை கொடுக்கிறாரென்றால் நீதிபதியாகவோ வங்கி மேலாளராகவோ இருக்க வேண்டும் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். அதனால் கோர்ட் தெருவிலிருந்து ஆரம்பித்திருந்தாள்.

சமையலறை முழுக்க ஊரார் கொண்டுவந்த சாப்பாடு. பன்றித்தொடை மூன்று, தேங்காய்க் கேக் நாலு. உட்கார்ந்து சாப்பிடத்தான் ஆள் இல்லை. அடக்க ஏற்பாடு செய்யும் பர்விஸ் மட்டும் ஒரு தட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்.

“பன்னெண்டு மணிக்குள்ள சொல்லிடும்மா. அஞ்சு பேர் தூக்கினா பெட்டி ஒரு பக்கமா சாயும். வேணும்னா என் மச்சானை நிறுத்தறேன். அவனுக்குப் பழக்கந்தான்.”

“பெரியப்பா, யாரு இந்த மிஸ்டர் வெப்?”

ஹாய்ட் ஜன்னல் பக்கம் நின்றிருந்தார். எழுபத்திரண்டு வயது, பனைமரம் மாதிரி நிமிர்ந்த உடம்பு. “யாருக்குத் தெரியும்? ஊசி போட்டுப் போட்டு உங்கப்பன் மண்டை கலங்கிப்போச்சு. கிறுக்கின காகிதத்தையெல்லாம் வேதமா எடுத்துக்கிட்டுத் திரியாதே கண்ணு. பர்விஸ் மச்சானே தூக்கட்டும்.”

கேட்டதற்கு ஒரு சொல்லில் பதில் சொல்லும் மனிதர். இன்று இத்தனை பேசினார். ஆனால் அவள் நீட்டிய தாளை வாங்கிப் பார்க்கவில்லை. வைனெலுக்கு என்னவோ போல் இருந்தது. அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். அம்மா செத்த வாரம் அவள் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர். அவரைச் சந்தேகப்படக்கூட அவளுக்குத் தெரியவில்லை.

பத்தாவது நம்பரில் ஒரு பெண் எடுத்தாள்.

“மிஸ்டர் வெப் இருக்காருங்களா? லூஷியஸ் வெப்?”

“யாருங்க, கோர்ட்டுலேருந்தா?”

“இல்லைங்க. நான் ராய்ஸ் டில்மன் மகள்.”

“வெள்ளைக்காரங்க குரலா இருக்கு, மிஸ்டர்ங்கறீங்க. நான் பயந்தே போயிட்டேன். அவரு ஸ்கூல் பஸ் ஷெட்டுல இருக்காரு. உங்க வீட்லேருந்து யாராச்சும் கூப்பிட்டாலும் கூப்பிடுவாங்கன்னு சொல்லியிருந்தாரு.”

வைனெல் விலாசத்தைப் பார்த்தாள். ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், கறுப்பர்கள் குடியிருக்கும் பகுதி. இந்த மிசிசிப்பி ஊரில் வெள்ளைக்காரர்கள் எண்பது வயதுக் கறுப்பரையும் வெறும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அப்பா வாயிலிருந்தும் அதுதான் வரும். ‘மிஸ்டர்’ என்று பார்த்ததும் அந்தப் பக்கத்தைத் தேட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. அப்பா எதற்காக இப்படி எழுதினார் என்பதுதான் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

லூஷியஸ் வெப்புக்கு ஐம்பது வயதிருக்கும். அவள் ஷெட்டுக்குப் போனபோது மஞ்சள் பஸ்ஸுக்கு அடியிலிருந்து வெளியே வந்து கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

“மார்ச் மாசம் உங்கப்பா இங்க வந்தாருங்க. அந்த டயர் மேல உக்காந்து ஒரு மணி நேரம் மழையைப் பத்தியே பேசினாரு. அப்புறம் சொன்னாரு, எங்கண்ணன் ஆமோஸ் சிகாகோவுக்கே போகலைன்னு.”

“அப்படின்னா?”

“அம்பத்தாறாம் வருஷம் ஒருநாள் எங்கண்ணனைக் காணோம். வடக்கே வேலைக்கு ஓடிட்டான்னு ஊரே சொல்லிச்சு. எங்கம்மா சாகற வரைக்கும் தபால்காரரைப் பாத்துக்கிட்டே இருந்தாங்க. உங்க பெரியப்பா நிலத்துல மூடிப்போட்ட கிணறு ஒண்ணு இருக்காமே. அதுக்குள்ளன்னாரு உங்கப்பா.”

அந்தக் கிணறு அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் அதன் மூடிமேல் ஏறி ஆடியதற்குப் பெரியப்பா அவளை அறைந்திருக்கிறார். அவர் அவளை அடித்தது அந்த ஒரே தடவைதான்.

“யாரு செஞ்சாங்கன்னு சொன்னாரா?”

“கேட்டேனுங்க. ‘லூஷியஸ், எனக்கு இருக்கறது ஒரே அண்ணன்’னாரு. எனக்கும் ஒரே அண்ணன்தான் இருந்தான்னேன்.” துணியை மடித்து டயர்மேல் வைத்தார். “அவரு அழுதாரு. நான் அழலை. போகும்போது, பெட்டி தூக்க வருவியான்னு கேட்டாரு. எதுக்குன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியலைங்க. மன்னிப்பு கேக்கறாரா, செத்தும் என்கிட்ட வேலை வாங்கறாரா? நான் பதிலே சொல்லலை.”

“வருவீங்களா?”

“நீங்க கூப்பிடறீங்களா?”

இவர் வந்து நின்றால் ஏன் வந்தார் என்று ஊர் கேட்கும். கேட்க ஆரம்பித்தால் அது கிணற்றில்தான் போய் நிற்கும். வராவிட்டால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததில் இனி அவளுக்கும் பங்கு. அப்பா இருபத்துமூன்று வருடம் தூக்கித் திரிந்ததை அவள் தலையில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். அவர்மேல் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

“ரெண்டு மணிக்கு,” என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள். அது அழைப்பா, வெறும் தகவலா என்று அவளுக்கே தெரியவில்லை.

தேவாலயத்தில் பாதிரியார் பேசியது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. பர்விஸிடம் மச்சான் வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். ஆராதனை முடிந்து கல்லறைத் தோட்டத்து வாசலில் பெட்டி வந்த வண்டியின் பின்கதவைத் திறந்தபோது லூஷியஸ் பழுப்பு நிறக் கோட்டோடு நடந்து வந்தார். விசிறிக்கொண்டிருந்த பெண்கள் விசிறியை நிறுத்தினார்கள்.

“வைனெல், இவன் எதுக்கு இங்க?” என்றார் பர்விஸ் அவள் காதருகே.

“அப்பா எழுதி வச்சிருக்காரு.”

லூஷியஸ் யாரையும் பார்க்காமல் காலியாக இருந்த கைப்பிடியைப் பிடித்தார். எதிர்ப்பக்கத்துக் கைப்பிடியில் ஹாய்ட்.

“இவன் தொட்டா நான் தொட மாட்டேன்,” என்றார் ஹாய்ட். “சொல்லு கண்ணு. உங்கப்பனுக்குக் கூடப்பிறந்தவன் நானா, இவனா?”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். வைனெல் அவர் பக்கத்தில் போய், அவருக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

“பெரியப்பா, அந்தக் கிணத்தை ஏன் மூடினீங்க?”

எந்தக் கிணறு என்று அவர் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். கைப்பிடியை விட்டுவிட்டு, வண்டிகள் நிற்கும் பக்கமாக நடந்தார். அவருடைய மகன்கள் போவதா நிற்பதா என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, கைப்பிடியை விடாமல் நின்றார்கள்.

அவரைக் கூப்பிட வேண்டும்போல அவளுக்கு இருந்தது. கூப்பிடவில்லை. கைப்பையைப் புல்லில் வைத்துவிட்டு அவர் விட்ட கைப்பிடியைப் பிடித்தாள். அப்பா கடைசி மாதத்தில் எலும்பும் தோலுமாகப் போயிருந்தார், ஆனாலும் பெட்டி அவள் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

“இடது கால் முதல்ல,” என்றார் லூஷியஸ் மெதுவாக.

அவள் வலது காலை வைத்தாள். பெட்டி ஆடியது. லூஷியஸ் நடக்காமல் நின்றார், அவள் காலை மாற்றி வைக்கும் வரைக்கும்.