சுவர் நடக்கும் வீடு

என் மனைவி கட்டிடக் கலைஞர். எங்கள் வீட்டில் அவளுக்கு அடுத்தபடியாக அதிகம் நடமாடுவது சுவர்கள்தான். கூடத்துக்கு நடுவே தண்டவாளத்தில் ஓடும் பலகைச் சுவர் ஒன்று உண்டு. காலையில் தள்ளினால் கூடம் பெரிதாகும்; மாலையில் இழுத்தால் அவளுக்கு வேலை செய்ய ஓர் அறை கிடைக்கும். அலமாரி, மேஜை, நாற்காலி எல்லாவற்றுக்கும் சக்கரம். "வீடுதான் நம்ம பேச்சைக் கேக்கணும், நாம வீட்டுப் பேச்சைக் கேக்கக் கூடாது" என்பாள். எனக்கு இதில் பெருமை உண்டு. முழங்காலில் ஒன்றிரண்டு தழும்பும் உண்டு.

அப்பா எங்களோடு தங்க வந்தபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அவருக்கு வெயில் பிடிக்கும் என்று காலையில் நாற்காலியை ஜன்னலோரம் தள்ளுவாள். மதியம் காற்று வரும் பக்கம் தள்ளுவாள். கட்டிலைக்கூட விட்டுவைக்கவில்லை.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். கூட்டம் பிதுங்கும் பஸ்ஸில், வளைவுகளில்கூட, கம்பியைப் பிடிக்காமல் நடந்தவர். அப்படிப்பட்டவர் எங்கள் கூடத்தில் தடுமாறினார். ஒருநாள் நெற்றி வீங்கிப்போய் நின்றார்.

"என்னப்பா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. நான் பாட்டுக்கு வந்துட்டிருந்தேன். உங்க சுவர் எதிர்ல வந்துடுச்சு."

சிரித்துவிட்டோம். அங்கேதான் கோட்டை விட்டோம்.

அடுத்த வாரமே, "உன் அக்கா வீட்டுக்குப் போறேன்டா, ஞாயித்துக்கிழமை கொண்டுபோய் விடு" என்றார். பெட்டியைக் கட்டிக் கதவோரம் வைத்தும்விட்டார். காரணம் கேட்டால் பேச்சை மாற்றினார். அம்மா போன பிறகு எங்களை ஒற்றை ஆளாக வளர்த்தவர் அவர். இனிமேலாவது என்னோடு இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன், அது ஒன்றும் பேராசை இல்லை.

"மாமாவுக்கு நான் கட்டினது எதுவுமே பிடிக்கல" என்றாள் மனைவி. "சதுக்கத்துலயும் பாருங்க, வேணும்னே பண்றார்."

தெருமுனையில் இருக்கும் சதுக்கம் அவள் வடிவமைத்தது. நாற்காலியை யார் வேண்டுமானாலும் தூக்கிப்போய் இஷ்டப்பட்ட இடத்தில் போட்டுக்கொள்ளலாம். நிழல்துணியைக் கயிற்றால் இழுத்து நகர்த்தலாம். காதலர்கள் மூலைக்குக் கொண்டுபோவார்கள், சீட்டாடுகிறவர்கள் வட்டமாகப் போடுவார்கள். பழைய நாளைய சிமெண்ட் பெஞ்சு ஒன்று மட்டும், கழிப்பறைச் சுவரோரம் மொட்டை வெயிலில் மிச்சம் இருந்தது. அதைப் பெயர்த்தெடுக்கச் சொல்லி அவளே நகராட்சிக்கு எழுதிக்கொடுத்திருந்தாள். அப்பா தினமும் போய் உட்கார்ந்தது அதில்தான்.

சனிக்கிழமை மாலை அவளுக்குப் பொறுமை போய்விட்டது. "நேராவே கேட்டுடறேன்" என்று செருப்பை மாட்டினாள். என்னமோ ஏதோ என்று நானும் பின்னாலேயே ஓடினேன்.

அப்பாவின் எதிரே போய் நின்றாள். நின்றதும் கேட்க வாய் வரவில்லை. அப்பா முகத்தைத் தூக்கிப் பார்த்தார். பிறகு மரியாதையாகச் சற்று நகர்ந்தார்.

"உட்காருங்கம்மா. இடம் இருக்கு."

வாம்மா போம்மா என்று மட்டுமே அவளைக் கூப்பிட்டவர். குத்திக்காட்டுகிறாரோ என்று நினைத்தேன். அப்பாவுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அவள் என்னைப் பார்த்தாள். மெல்ல உட்கார்ந்தாள்.

"இந்த இடம் முழுக்க என் மருமக போட்டது" என்றார் அப்பா, பக்கத்து இருக்கைக்காரரிடம் பேசும் தோரணையில். "கெட்டிக்காரி. என்ன, நேத்து இருந்த நாற்காலி இன்னிக்கு அங்க இருக்காது. எனக்குக் கண்ணு மங்கிட்டே வருது. இந்த பெஞ்சு ஒண்ணுதான் விட்ட இடத்துல இருக்கு."

அவள் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்டுலயும் இதே கதைதான். வாயைத் திறந்து சொன்னா, எனக்காக எல்லாத்தையும் ஆணி அடிச்சு நிறுத்திடுவா. ஆசை ஆசையா கட்டின வீடும்மா. அதான் மக வீட்டுக்குக் கிளம்பறேன்."

"மாமா" என்றாள்.

அப்பாவின் முகம் டிக்கெட் எடுக்காமல் பிடிபட்ட பயணியின் முகமாகிவிட்டது. "நீயாம்மா?" என்று தலையைக் குனிந்துகொண்டார். இத்தனை நாள் கூடவே இருந்தும் நான் பார்க்கவில்லையே!

அன்றே கண் மருத்துவரிடம் போனோம். போன பார்வை போனதுதான், இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். அந்த மட்டும் நிம்மதி. சிமெண்ட் பெஞ்சு இருக்கட்டும் என்று அவள் வீடு திரும்பும் வழியிலேயே போனில் எழுதி அனுப்பினாள்.

மறுநாள் காலையில் துளையிடும் இயந்திரத்தோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பாவைக் கூடத்தில் நிறுத்தி, "எங்க இருக்கணும்னு நீங்களே சொல்லுங்க மாமா" என்றாள். அப்பா எவ்வளவோ மறுத்தார். கடைசியில் அவருக்கும் சுவாரசியம் தட்டிவிட்டது. "போலாம்... போலாம்... ஸ்டாப்!" என்று நாற்காலியை நிறுத்தினார். கட்டிலை நிறுத்தினார். சுவரையும் நிறுத்தினார்.

தண்டவாளத்தில் திருகு இறங்கியபோது எனக்கே மனசு கேட்கவில்லை. "உனக்குக் கஷ்டமா இல்லையா?" என்றேன்.

"வீடு நம்ம பேச்சைக் கேக்கணும்னுதானே சொன்னேன்? மாமா நம்மள்ல சேர்த்தி இல்லையா?" என்று என்மேல் பாய்ந்தாள்.

எல்லாம் முடிந்ததும் அப்பா அறையிலிருந்து நாற்காலிவரை நடந்து பார்த்தார். எதையும் பிடிக்கவில்லை. அவருடைய பழைய பஸ் நடை. பிறகு கதவோரம் போய்க் கையால் துழாவினார்.

"பெட்டி எங்கம்மா? இங்கதானே வெச்சேன்?"

"உங்க கட்டிலுக்கு அடியில இருக்கு மாமா" என்றாள், கையில் இருந்த தூசியைத் தட்டியபடி. "அதையும் தரையோட சேர்த்துத் திருகிட்டேன்."