குழாயில் எழுதியிருந்த சொல்

இரண்டாவது அடியில் நெட்டையின் உதடு கிழிந்தது. கூடத்தில் கிடத்தியிருந்த அண்ணனின் உடலுக்குத் தலைமாட்டிலிருந்து தங்கை அவள் எழுவதற்குள் சின்னண்ணன் மூன்றாவதையும் இறக்கிவிட்டார். நெட்டை கையைத் தூக்கித் தடுக்கவில்லை. சுவரோடு சரிந்து உட்கார்ந்து, அடுத்த அடிக்கு முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"கூடவே தின்னு, கூடவே திரிஞ்ச நாயி. நீதானடா கொழாய மாட்டுன?"

"நான்தான்" என்றான் நெட்டை.

முந்தின நாள் உரத் தொழிற்சாலையில் அண்ணன் ஒரு காலித் தொட்டிக்குள் இறங்கி வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார். அவருடைய முகமூடிக்குக் காற்று போகும் ரப்பர் குழாயை வெளியே சுவர்க்குழாயில் மாட்டிவிடுவது உதவியாளான நெட்டையின் வேலை. வழக்கமான குழாயில் அழுத்தம் இல்லை. பக்கத்தில் புதிதாகப் பதித்திருந்த குழாயில் மாட்டித் திருகைத் திறந்தான். கொஞ்ச நேரத்தில் உள்ளே தீப்பொறி நின்றது. இறங்கிப் பார்த்தபோது அண்ணன் முகமூடியோடு, உட்கார்ந்த வாக்கில் செத்திருந்தார்.

சின்னண்ணன் நாற்காலியைத் தூக்கினார். அவள் குறுக்கே பாய்ந்தாள். நாற்காலிக் கால் அவள் தோளில் இறங்கியது. கை மரத்துப்போய்த் தொங்கியது.

"நெட்டை, அந்தக் கொழாய்ல என்ன எழுதியிருந்துச்சு?" என்று அவள் கேட்டாள்.

"ஏ, இசட், ஓ, டி, ஈ" என்று எழுத்து எழுத்தாகச் சொன்னான். மோவாயில் ரத்தம் வழிந்தது. "அதுக்குக் கீழ வலப்பக்கத்துலேர்ந்து எழுதற எழுத்து. ஏர்ங்கறதும் ஏ-லதான ஆரம்பிக்குது. அவங்க பாஷைல காத்துக்கு அப்படித்தான் போலன்னு நெனச்சேன். கொழா வாயும் சரியாப் பொருந்துச்சு."

பாடநூல் அலுவலகத்தில் கலைச்சொற்களைச் சரிபார்ப்பது அவள் வேலை. எந்தச் சொல் எந்த மொழியிலிருந்து வந்தது என்று தோண்டிக்கொண்டே இருப்பாள். அண்ணன் அவளை அகராதி என்றுதான் கூப்பிடுவார்.

"அது அஸோட். காத்து இல்ல, நைட்ரஜன்" என்றாள். "சின்னண்ணே, நைட்ரஜன்னு போட்டிருந்தா இவனுக்கே தெரிஞ்சிருக்கும். அது இங்கிலீஷ் பேரு, வெடியுப்ப உண்டாக்கறதுன்னு அர்த்தம். பிரெஞ்சுக்காரங்க அஸோட்னுவாங்க. பாரசீகத்துலயும் அதையே எடுத்துக்கிட்டாங்க. இவன் எங்க போய்ப் படிப்பான்?"

"அந்தக் கொழா வெளிநாட்டுல ஒரு பழைய ஆலைய பிரிச்சுக் கொண்டாந்தது" என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. தொழிற்சாலைப் பொறியாளர். துக்கம் கேட்க வந்தவர், நெட்டை அடிபடும்போதே அங்கே வந்து நின்றிருந்தார். "பிரெஞ்சுக்காரங்க செஞ்சது. பாரசீகம் பேசற ஊர்ல ஓடுனது. ஆனா மேடம், கையேட்டுல இங்கிலீஷ்ல தெளிவா நைட்ரஜன்னு இருக்கு. பாக்காம மாட்டுனது இவங்க கவனக்குறைவுதான்."

அண்ணி நேற்றிலிருந்து வாயைத் திறக்காமல் அண்ணனின் பாதத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"அந்த அஸோட்டுக்கு என்ன அர்த்தம்?" என்று அண்ணி கேட்டாள்.

"இப்ப எதுக்கு அண்ணி?"

"சொல்லு."

"உயிர் இல்லாததுன்னு அர்த்தம். அதுக்குள்ள விட்ட பிராணி செத்துப்போனதால அப்படிப் பேரு வச்சாங்க."

"இவரு தெனமும் மூட்டை மூட்டையா தழைச்சத்துன்னு சொல்வாரே, அது?"

"அதுவும் இதே நைட்ரஜன்தான் அண்ணி."

அண்ணி பொறியாளரைப் பார்த்தாள். "நீங்க படிச்சவங்க. அந்த எழுத்து உங்களுக்குத் தெரியும்தான?"

அவர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். "தெரியும்மா. அழிச்சிட்டு வேற எழுதச் சொல்லியிருந்தோம். அடுத்த வாரம் பெயிண்டர் வர்றதா இருந்துச்சு."

சின்னண்ணன் நாற்காலியைக் கீழே வைத்தார். மெதுவாகத்தான் நடந்து போனார். முதல் குத்தில் பொறியாளரின் கண்ணாடி தெறித்தது. அடுத்தது வயிற்றில். மடங்கியவரின் தலையைப் பிடித்து நிலைப்படியில் மோதிய சத்தம் தேங்காய் உடைப்பதுபோல் கேட்டது. கூடத்தில் இருந்தவர்கள் சுவரோடு ஒதுங்கினார்கள். பொறியாளர் தவழ்ந்து வாசல் பக்கம் வந்தார். அதற்குள் அவள் அங்கே வந்து குறுக்கே நின்றாள்.

"மேடம், வழி விடுங்க."

அவள் நகரவில்லை. பின்னாலிருந்து சின்னண்ணன் அவர் காலைப் பிடித்து இழுத்தார். தரையை ஊன்றியிருந்த விரல்கள் மேல் குதிகாலை வைத்து அழுத்தினார். விரல் ஒடிந்த சத்தம் அவளுக்குக் கேட்டது. அப்போதும் நகரவில்லை.

"போதும்" என்றாள் அண்ணி, அண்ணனின் பாதத்தை விடாமல். "இன்னும் அவரு இங்கதான் இருக்காரு."

சின்னண்ணன் காலை எடுத்தார். அவள் ஓரமாக விலகினாள். பொறியாளரின் காரை ஓட்டி வந்தவன் அவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் போனான். அவருடைய ஒரு செருப்பு அங்கேயே கிடந்தது. அவள் அதை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தாள். கார் போய்விட்டிருந்தது.

"உள்ள கொண்டாந்து வை" என்றாள் அண்ணி. "போலீஸ் வந்தா கேப்பாங்க."

சின்னண்ணன் நடுக்கூடத்தில் நின்றிருந்தார். வலது கை புசுபுசுவென்று வீங்கியிருந்தது, விரலை மடக்க முடியவில்லை. நெட்டையின் பக்கம் வந்தார். எங்கே உட்காருவது என்று தெரியாதவர்போல் தரையைப் பார்த்தார்.

நெட்டை சுவரோரமாகக் கொஞ்சம் நகர்ந்து அவருக்கு இடம் விட்டு உட்கார்ந்தான்.