ஓடெல் வீட்டு டயர் தடம்

கார் உள்ளே போன தடம் பனியில் பளிச்சென்று தெரிந்தது. வெளியே வந்த தடம் இல்லை. காரேஜ் கதவு சாத்தியிருந்தது.

"பாத்தியா?" என்றாள் ஆர்லிஸ்.

"பாத்தேன். வண்டிய விட்டு இறங்கிடாத, உனக்குப் புண்ணியமாப் போகும்," என்றார் வெர்லின்.

இருவரும் ஊர்க் காவலைப் பார்க்கும் ஷெரிஃப் அலுவலகத்தின் தொண்டர்கள். குளிருக்குப் பயந்து அரிசோனாவுக்கு ஓடிவிடுகிறவர்களின் வீடுகளைச் சனிக்கிழமைதோறும் சுற்றிப் பார்த்துவருவது அவர்கள் வேலை. மஞ்சள் சட்டை உண்டு, துப்பாக்கி கிடையாது. இந்த வீட்டுக்காரர் ஓடெல் ஏப்ரலில்தான் திரும்புவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். இப்போது பிப்ரவரிகூட முடியவில்லை. எழுபதைத் தாண்டியவர், தனி ஆள், இடுப்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்.

அவர்தான் முன்னதாகவே வந்து உள்ளே விழுந்து கிடக்கிறார் என்று ஆர்லிஸுக்குப் பட்டது. போன் அடித்துப் பார்த்தாள். எடுக்க ஆள் இல்லை.

வேறு யாராவது என்றால் இந்நேரம் கதவை உடைத்திருப்பார்கள். அவளால் முடியாது. போன குளிர்காலத்தில் இப்படித்தான் ஒரு வீட்டில் பிணம் கிடக்கிறது என்று கண்ணாடியை உடைத்து உள்ளே குதித்தாள். பார்த்தால் சுருட்டி வைத்த கம்பளம். வீட்டுக்காரர் வழக்குப் போடுவேன் என்று குதித்தார். ஊரே சிரித்தது. பெட்ரோல் போடப் போனால், "என்ன ஆர்லிஸ், கம்பளம் பொழச்சுக்கிச்சா?" என்பார்கள். அவளால்தான் எல்லாத் தொண்டர்களுக்கும் தேவாலயத்து நிலவறையில் மறுபடி மறுபடி பயிற்சி நடந்தது. பாடம் எடுத்தவர் வேறு யார், இந்த வெர்லின்தான். உள்ளே ஆள் இருப்பதாகச் சந்தேகமா, கதவைத் தட்டாதே, காவலரைக் கூப்பிடு, காத்திரு. உயிருக்கு ஆபத்து என்று கண்ணால் பார்த்தாலோ காதால் கேட்டாலோ மட்டும் உள்ளே போகலாம். இன்னொரு தடவை பிசகினால் மஞ்சள் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும் என்று ஷெரிஃப் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

ரேடியோவில் காவலர் டாலெஃப்சனைப் பிடித்தாள். நெடுஞ்சாலையில் பால் லாரி கவிழ்ந்து கிடக்கிறதாம்.

"மேடம், நான் வர நேரமாகும். அதுவரைக்கும் எதையும் தொட்டுடாதீங்க, ப்ளீஸ்."

தொட்டுடாதீங்களாம்! எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. வண்டியிலிருந்து குதித்துச் சமையலறைப் பக்கம் நடந்தாள். சன்னலில் திரை இழுத்து விட்டிருந்தது. ஒரு முனகல் கேட்டால் போதும், உடைத்துவிடலாம். காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். அதற்குள் வெர்லின் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"வண்டியிலயே இருன்னு பாடம் நடத்தினேனா இல்லியா? உள்ள திருடன் இருந்தா சுட்டுத் தள்ளுவான். மஞ்சச் சட்டை வேற, குறி வைக்க வசதி!"

"எந்தத் திருடன்யா காரைக் கொண்டுபோய் காரேஜுல விட்டு மூடுவான்?"

"வெவரமான திருடன்!"

"ஓடெல் உள்ள செத்துக்கிட்டிருக்கான், வெர்லின்."

"அவன் அரிசோனாவுல வெயில் காஞ்சுக்கிட்டிருக்கான்."

"அப்ப போன எடுக்க வேண்டியதுதானே?"

"உன் நம்பரப் பாத்திருப்பான். அதான் எடுக்கல."

அவ்வளவுதான், ஆர்லிஸுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "நீ என்னிக்குமே இப்படித்தான்! பயிற்சியில அந்தக் கம்பளத்தோட படத்தத் திரையில பெருசாப் போட்டுக் காட்டினியே, நீயெல்லாம் மனுஷனா?"

"உன் பேரப் போடலியே!"

"பேர் வேற போடணுமா? அத்தன பேரும் திரும்பி என்னத்தானே பாத்தாங்க!"

"தப்பு பண்ணினா பாக்கத்தான் செய்வாங்க!"

சண்டை இருவரும் பள்ளிப் பேருந்து ஓட்டிய காலத்துக்குப் போனது. அங்கிருந்து வெர்லின் திருப்பித் தராத ஏணிக்கு வந்தது. கத்திக் கத்தி இருவருக்கும் தொண்டை கட்டிப்போன பிறகுதான் டாலெஃப்சனின் வண்டி வந்தது. சின்னப் பையன், தடத்தைப் பார்த்தான், கதவைத் தட்டினான், பதில் இல்லையென்றதும் கடப்பாரையை எடுத்துவிட்டான்.

உள்ளே ஹீட்டர் ஓடவில்லை, வெளியைப் போலவே குளிராக இருந்தது. ஓடெல் சமையலறைத் தரையில், அதே சன்னலுக்குக் கீழே, சுவரோடு ஒண்டிக் கிடந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. உயிர் இருந்தது. டாலெஃப்சன் கம்பளி எடுக்கவும் ஆம்புலன்ஸைக் கூப்பிடவும் ஓடினான்.

ஆர்லிஸ் மண்டியிட்டாள். "ஓடெல், நான்தான். வந்துட்டோம், வந்துட்டோம்."

"தெரியும்." குரல் காற்றாக வந்தது. "நீங்க கத்தின சத்தத்துலதான் முழிச்சேன். கரண்டியால சுவத்தத் தட்டினேன். கூப்பிட்டும் பாத்தேன். சத்தம் எழும்பல."

"எங்களுக்குக் கேக்கலியே, ஓடெல்!"

"எப்படிக் கேக்கும்? கொஞ்சம் நிறுத்துவீங்க, அப்பத் தட்டுவோம்னு கரண்டியப் புடிச்சுக்கிட்டே கெடந்தேன். நீங்க நிறுத்தவே இல்ல. அப்புறம் கை மரத்துப் போச்சு."

வெர்லின் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். ஆர்லிஸ் ஓடெலின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டாள். விரல்கள் வெளுத்துக் கட்டையாகிக் கிடந்தன. எவ்வளவு தேய்த்தும் அவை மடங்கவில்லை.