சாம்பல் நிறக் கோட்டு

மகளைக் கட்டப்போகும் மாப்பிள்ளைக்குக் கோட்டு சூட்டு எடுக்கத் தேனிக்குப் போனபோது சிலமலை சின்னச்சாமிக்கு ஒரே எண்ணம்தான். வரவேற்பு மேடையில் மாப்பிள்ளை நின்றால் மண்டபமே திரும்பிப் பார்க்க வேண்டும்.

மாப்பிள்ளை சிவக்குமார் மலைத்தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். போடியில் ஏலக்காய்க் கடையில் வேலை. அதிர்ந்து பேசத் தெரியாது. கடையில் அவன் கை சாம்பல் நிறக் கோட்டு ஒன்றைத் தொட்டு நின்றது.

"என்ன மாப்ளே, மூட்டம் போட்ட மாதிரி இருக்கு. அந்த மெரூன் கலரை எடுங்கண்ணே," என்றார் சின்னச்சாமி கடைக்காரரிடம்.

வெல்வெட்டுத் துணி, கழுத்தோரம் ஜரிகை. போட்டுப் பார்த்தால் தோள் சரிந்து நின்றது. கை நீளத்தைக் குறைக்கலாம், தோளைப் பிடிக்க முடியாது என்று தையல்காரர் சொன்னது சின்னச்சாமி காதில் ஏறவில்லை. சிவக்குமார் தலையாட்டினான்.

வரவேற்பு அன்று, மாப்பிள்ளை அறையில் சின்னச்சாமி அவனைக் கிளப்பிக்கொண்டிருந்தபோது அவன் அம்மா செல்லத்தாய் ஒரு துணிப்பையோடு வந்தார். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறவர்.

"நெடுங்கண்டத்துல தைக்கக் கொடுத்தேண்ணே. இவன் பழைய சட்டையத்தான் அளவுக்குக் கொண்டுபோனேன். இவனுக்கு இந்தக் கலருதான் பிடிக்கும்."

பைக்குள் சாம்பல் நிறம் தெரிந்தது.

"எதுக்கு தங்கச்சி இந்தச் சிரமம்? பொண்ணு வீட்டுச் சீரைப் போட்டாத்தானே எங்களுக்கு மரியாதை. இத இன்னொரு நாள் போடட்டும். மாப்ளே, வெரசா கிளம்புங்க."

செல்லத்தாய் மகனைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தான். அவர் பையின் வாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே போனார். சின்னச்சாமிக்கு அது அப்போது உறைக்கவே இல்லை.

மூன்று வருடம் கழித்து சின்னச்சாமியின் மகன் ஜெகதீஷுக்குக் கல்யாணம் வந்தது. அதற்குப் போட்டுக்கொள்ள சிவக்குமாரின் மெரூன் கோட்டைத் தேடினால், அன்றைய வேர்வையோடு பிளாஸ்டிக் உறையில் கட்டி பீரோவில் போட்டது அப்படியே கிடந்தது. வெல்வெட்டு முழுக்கப் பூஞ்சை. டிரைவாஷ் கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

"அத்தைகிட்ட ஒண்ணு இருக்குல்லப்பா," என்றாள் மகள் முத்துப்பிரியா. "இன்னமும் பத்திரமா வச்சிருக்காங்க."

அன்றே சின்னச்சாமி மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஜீப்பில் மலையேறினார்.

செல்லத்தாய் அகலமான மரத்தாங்கியில் தொங்கிய கோட்டை எடுத்து வந்தார். மேலே பழைய வேட்டியைச் சுற்றியிருந்தார். இந்த ஈரத்தில் பிளாஸ்டிக் ஆகாது என்றார். வெயில் அடிக்கிற அன்றைக்கு எல்லாம் நிழலில் காற்றாட விட்டு, பிரஷால் மேலிருந்து கீழாகத் துடைப்பாராம். கோட்டுப் பையில் காய்ந்த வேப்பிலை முடிச்சு. நேற்றுத் தைத்தது போல இருந்தது.

"போட்டுப் பாருப்பா," என்றார் மகனிடம்.

சிவக்குமார் கையை நுழைத்தான். தோள் அளவாக உட்கார்ந்தது. ஆனால் பொத்தான் துளைக்கும் பொத்தானுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. கல்யாணத்துக்குப் பிறகு சதை போட்டிருந்தான். பிரித்து விடலாமென்றால் உள்ளே அவ்வளவு துணி இல்லை.

"சாரமில்ல, பரவால்ல விடு," என்றார் செல்லத்தாய், மலைக்காரர்கள் சொல்வதுபோல. கோட்டை வாங்கி, கசங்கிய கையை நீவினார்.

"தங்கச்சி, அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தார் சின்னச்சாமி.

"நீங்க உங்க சீரைச் செஞ்சீங்கண்ணே. அதுல தப்பில்ல. இத ஒரு தடவ போட்டுப் பாத்துட்டுக் கழட்டச் சொல்லிருக்கலாம். நான் பாத்துருப்பேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் சின்னச்சாமி தாங்கியிருப்பார். செல்லத்தாயோ சொல்லிவிட்டுக் காப்பி போடப் போய்விட்டார்.

இறங்கும்போது மூடுபனி. இரண்டு கொண்டை ஊசி வளைவு தாண்டி சிவக்குமார் மெதுவாகச் சொன்னான்:

"நான்தான் அன்னைக்கு வாயத் திறந்திருக்கணும் மாமா."

"நான் எங்க திறக்க விட்டேன் மாப்ளே," என்றார் சின்னச்சாமி. ஓட்டுநர் ஹாரன் அடித்து அடுத்த வளைவில் திரும்பினார்.