ஹேவர்ட் கொடுத்த அனுமதி

நெஸ்டா வாங்கி வந்த கடிதத்தைப் படித்துவிட்டுப் படகுக் குழுவில் ஒருவர்கூடக் கைதட்டவில்லை. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஆறு ஆண்டுகளாக அவர்கள் போராடியது ஒன்றே ஒன்றுக்காகத்தான். வேல்ஸில் அவர்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு ஓடும் ஆற்றில், பாலத்திலிருந்து பழைய ஆலை வரை துடுப்புப் படகில் போய்வர வேண்டும். இரண்டு கரையும் ஹேவர்டின் நிலம். தூண்டில்காரர்களுக்கு ஆற்றைக் குத்தகைக்கு விட்டிருந்தார். படகு வந்தால் மீன் கலைந்துவிடுமாம். ஆறு வருஷத்துக்கு முன்னால் பாலத்தடியில் முள்கம்பி கட்டித் தடைப் பலகையும் வைத்துவிட்டார். நெஸ்டா ஊருக்குத் தபால் கொடுப்பவள். அந்தப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும். குழுவின் செயலாளர் வேலையையும் அவள் தலையில்தான் கட்டியிருந்தார்கள்.

போன வாரம் ஹேவர்டுக்குத் தபால் கொடுக்கப் போனவள், மனசு பொறுக்காமல் வாய்விட்டுக் கேட்டுவிட்டாள். மனிதர் உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தார், அதுவும் நல்ல கோப்பையில். மீன்பிடிக் காலம் முடிந்ததும் அக்டோபரிலிருந்து மார்ச் வரை குழுவினர் தாராளமாகப் போகலாம் என்று எழுதி நீட்டினார். நன்றியுடன் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கால் தரையில் பாவாமல் திரும்பி வந்தாள்.

அந்தக் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுக் குழுத் தலைவர் இட்வால் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

"உன்னை யாரு கேக்கச் சொன்னது?"

"கேக்காம எப்படிக் கெடைக்கும்?"

"கேட்டா போச்சு, நெஸ்டா. நாப்பது வருஷமா யாரையும் கேக்காமத்தான் போனோம்னு பதினேழு பேர்கிட்ட எழுதி வாங்கி வெச்சிருக்கேன். கோர்ட்டுல நம்ம வழக்கே அதுதான். நீ போயி நன்றி சொல்லிட்டு வந்திருக்க."

ஆறு எல்லோருக்கும் பொது என்றால் அனுமதி எதற்கு? அனுமதி வாங்கினால் ஆறு ஹேவர்டுடையது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். நாளைக்கே அவருக்கு மனசு மாறினால் கடிதம் செல்லாது. வக்கீலும் இதைத்தான் சொன்னாராம். சரி, திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டாள். கொடுத்தால் முள்கம்பி அப்படியே இருந்துவிடும் என்றார்கள் இளசுகள். ஆளுக்கு ஒன்று பேசிவிட்டு எழுந்து போனார்கள்.

அக்டோபர் முதல் சனிக்கிழமை. பாலத்தடியில் கம்பி இல்லை. உரிமையோடு போவதென்றால் கடிதம் கையில் இருக்கக் கூடாது என்று அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். தனியாகப் படகை இறக்கித் துடுப்பு போட்டாள். வளைவில் ஹேவர்ட் நாயோடு நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் தொப்பியைத் தூக்கினார். நெஸ்டா துடுப்பை நிறுத்தினாள்.

"நான் உங்க அனுமதியில போகல. என் உரிமையில போறேன். தெரிஞ்சுக்கங்க."

ஹேவர்ட் கோபப்படவில்லை.

"தாராளமா அப்படியே போங்க. அதுக்கும் எனக்குச் சம்மதந்தான்."

அவர் சம்மதித்துவிட்டால் இதுவும் அனுமதிதானே, உரிமை எங்கே? ஆறு வருஷமாக விரட்டிய மனிதர், இன்றைக்கு ஒரு தடவை விரட்டினால் என்ன குறைந்துவிடும்?

"ஒரே ஒரு தடவை போகாதேன்னு சொல்லுங்களேன்" என்றாள்.

"உங்களைப் போயி எப்படிம்மா சொல்லுவேன்?" என்றார் ஹேவர்ட், உண்மையான வருத்தத்தோடு.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது.